கழுவிய ஆட்டுக்கல்

புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இன்னும் ஓர் ஆட்டுக்கல் கிடக்கிறது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது அம்மா விடாப்பிடியாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கல். கிரைண்டர் வந்த பிறகும் நாள் கிழமை என்றால் அம்மாவுக்கு அந்தக் கல்தான். தோசைக்கு ஆட்டிய கல்லில் பால் கொழுக்கட்டைக்குப் பச்சரிசி ஆட்ட வேண்டுமென்றால் அது நாலு நாள் வேலை. முதல் நாள் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். கல் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் அன்றைக்கு ஆட்ட மாட்டார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஏனம்மா என்றால், “கண்ணுக்குச் சுத்தமாயிருச்சு, கல்லுக்கு இன்னும் ஆகல” என்பார். கொத்திய குழிகளுக்குள் கடுகளவு பழைய மாவு ஒட்டியிருந்தால் போதும், புது மாவு ஒரே ராத்திரியில் புளித்துவிடும்.

அந்த நாலு நாள் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மெலியோய்டோசிஸ் என்ற நோய்க்கு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் ஊசி போட்டுவிட்டு, அதற்கு மேலும் மூன்று மாதம் மாத்திரை கொடுப்பது ஏன் என்று புரியவைப்பது எளிது. கெடாவில் இருக்கிற நாம் இதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். இந்த நோய் நம் காலடி மண்ணில் இருக்கிறது.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். நம் ஊர் அண்ணன் ஒருவர், ஐம்பது தாண்டியவர். முன்பு பால்மரம் வெட்டியவர், இப்போது செம்பனைத் தோட்டத்தில் வேலை. பத்து வருடமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உண்டு. மாத்திரை சில நாள் போடுவார், சில நாள் மறப்பார். ஐப்பசி மழை. தோட்டத்து வாய்க்கால் நிரம்பி வழிகிறது. செம்பனை மட்டையின் முள் முழங்காலுக்குக் கீழே கீறிவிடுகிறது. சேற்றுத் தண்ணீரில் நின்றபடியே மீதி வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். மஞ்சள் பத்து. ஒரு வாரத்தில் கட்டி, பிறகு புண். மருந்துக்கடையில் களிம்பு, பிறகு கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை. புண் கொஞ்சம் வற்றும், மறுபடி கசியும். “என்னாங்க, அந்தப் புண்ணப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க” என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சில வாரம் கழித்துக் காய்ச்சல், பிறகு இருமல், நெஞ்சில் குத்து. காலில் இருந்தது நுரையீரலுக்கு எப்படிப் போனது?

அதற்கு முன் அந்தக் கிருமியைப் பார்த்துவிடுவோம். பர்க்கோல்டெரியா சூடோமாலியை என்று பெயர். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் நுண்ணுயிர். மனிதருக்காகக் காத்திருப்பதல்ல, மண்ணே அதற்கு வீடு. வெயில் காலத்தில் ஈரம் தேடி ஆழத்தில் கிடக்கும். மழை வந்து நிலத்தடி நீர் ஏறினால் அதனுடன் மேலே வரும். 1960களில் மலேசியாவின் மண்ணையும் நீரையும் சோதித்தவர்கள், அடர்ந்த காட்டில் இது மிகக் குறைவாகவும் நெல்வயல் போன்ற திருத்திய ஈர நிலங்களில் அதிகமாகவும் இருப்பதைக் கண்டார்கள். நாட்டின் நெற்களஞ்சியம் நம் மாநிலம். இதன் பிடிவாதத்துக்கு ஓர் உதாரணம் போதும்: தாய்லாந்தில் ஆய்வாளர்கள் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரில் இந்தக் கிருமியைப் போட்டு மூடிவைத்தார்கள். உணவு என்று எதுவுமே இல்லாத அந்தத் தண்ணீரில் 16 ஆண்டுகளுக்குப் பிறகும் அது உயிரோடு இருந்தது.

இதை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவரின் பெயர் நமக்கு நெருக்கமானது. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறி ஆய்வாளர் ஆல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணக்கூடத்தில் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். இறந்தவர்களில் பலர் ஏழைகள், மார்ஃபின் ஊசி குத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். தோலில் ஊசித் தழும்புகள். உள்ளே திறந்தால் நுரையீரலில் பாலாடைக்கட்டி போலத் திரண்ட திட்டுகள், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலத் தெரிந்தது, ஆனால் கிருமி வேறு. 1912இல் இருவரும் சேர்ந்து எழுதி வெளியிட்டார்கள். தோலில் ஒரு துளை, நெஞ்சில் ஒரு நோய் என்ற தொடர்பு முதல் நாளிலேயே கண்முன் இருந்திருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921இல் மெலியோய்டோசிஸ் என்ற பெயரை வைத்தார்கள். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதாவது ஆரம்பத்திலிருந்தே இது வேறு ஏதோ ஒன்றைப் போலத் தோன்றும் நோய் என்றுதான் அறியப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் இதன் பெரிய ஆபத்து அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது காலிலிருந்து நெஞ்சுக்குப் போகும் வழி. கோப்பிக் கடையில் தௌக்கே கோப்பித் துணியைப் பிடித்து ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் எத்தனை மேசை இருந்தாலும் எல்லாருடைய கோப்பியும் அந்த ஒரே துணிப்பை வழியாகத்தான் இறங்க வேண்டும். உடம்பிலும் அப்படி ஒரு துணி உண்டு. கால், கை, வயிறு, தலை என எங்கிருந்து திரும்பும் ரத்தமும் இதயத்தின் வலப்பக்கம் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நுரையீரலின் நுண்குழாய்கள் வழியாகப் போயாக வேண்டும். அந்தக் குழாய்கள் எத்தனை மெல்லியவை என்றால் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துத்தான் போக முடியும். முழங்காலுக்குக் கீழே உள்ள புண்ணிலிருந்து ஒரு கிருமி சிரைக்குள் நழுவினால் அது சந்திக்கும் முதல் பெரிய வடிகட்டி நுரையீரல்.

இந்த உவமையை ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோப்பித் தூள் பெரியது என்பதால் துணியில் தங்குகிறது. கிருமியோ நுண்குழாயைவிட மிகச் சிறியது, அளவால் அடைபடுவதில்லை. குழாய்ச் சுவரில் ஒட்டியும், அதைப் பிடித்து விழுங்கவரும் வெள்ளணுக்களுக்குள் புகுந்தும்தான் அங்கே தங்குகிறது. ரத்தம் முழுவதும் கடந்து போகும் இடம் என்பதால் வாய்ப்பு அங்கே அதிகம், அவ்வளவுதான். மழையும் காற்றும் அடிக்கும்போது தெறிக்கும் நீர்த்திவலைகளை மூச்சோடு இழுப்பதாலும் கிருமி நேரே நெஞ்சுக்குள் போகலாம். இரண்டு வாசலும் திறந்திருக்கும் வீடு அது.

வெள்ளணு விழுங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். சாதாரணக் கிருமிக்கு முடியும். இதற்கு அங்கேதான் வேலை ஆரம்பம். அரிசி டின்னில் வண்டு வைத்துவிட்டால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? முறத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். வண்டுகள் ஓடிவிடுகின்றன. அரிசியைத் திரும்ப டின்னில் போட்டு நிம்மதியாக இருந்தால் மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி வண்டு. எங்கிருந்து வந்தது? தாய் வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்ற அரிசிமணி. மெலியோய்டோசிஸ் கிருமியும் வெள்ளணுவின் உள்ளே, அது தன்னை அடைத்து வைத்த பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அந்த அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. அணுவின் சொந்த இழைகளையே உந்துகோலாக வைத்து அடுத்த அணுவுக்குள் குத்தி நுழைகிறது. பக்கத்து அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் மருந்துக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் படாமலேயே வீடு மாறிக்கொண்டிருக்க முடியும்.

இப்படி ஒளிந்து எவ்வளவு காலம் இருக்கும்? பெரும்பாலானவர்களுக்குக் கிருமி நுழைந்த மூன்று வாரத்துக்குள் நோய் தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பக்கத்து மண்ணை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நோய் வெளிப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவை அபூர்வம். ஆனாலும் நடக்கக்கூடியது.

இனிப்பு நீர் இதில் எங்கே வருகிறது? சீனி டப்பாவுக்கு எறும்பு வருவதுபோல இனிப்பான ரத்தத்துக்குக் கிருமி வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியான படமல்ல. சீனி கூடுவதால் மந்தமாவது நம் காவல்காரர்கள். கிருமி இருக்கும் இடத்துக்கு ஓடிவருவது, விழுங்குவது, கொல்வது என்று வெள்ளணுக்களின் ஒவ்வொரு வேலையும் தளர்ந்துபோகிறது. அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனை 2005இல் இந்த நோய்க்கென்று ஒரு பதிவேடு தொடங்கியது. பின்னாளில் நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநரான டாக்டர் முகமட் ராட்சி அபு ஹசானும் மற்றவர்களும் அதிலிருந்து 2008 வரையிலான 145 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அதில் 57 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 16 பேருக்கு மேல் இந்த நோய் வந்தது. வந்தவர்களில் 34 விழுக்காட்டினர் இறந்தார்கள்; மூன்றில் ஒருவர். நம் வீட்டிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் எண்ணிய எண்கள் இவை. டிங்கிக்கு ஊரெல்லாம் பதாகை கட்டுகிறோம், புகை அடிக்கிறோம். இந்த நோயின் பெயர் நம் கோயில் திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

பெயர் தெரியாததால் வரும் முதல் இழப்பு, நோயைக் கண்டுபிடிப்பதில். இது வேறொன்றைப் போலத் தோன்றும் நோய் என்றேன். நாள்பட்ட இருமல், எடைக்குறைவு, ராத்திரி வியர்வை, எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் குழி. பார்த்ததும் யாருக்கும் காசநோய் என்றுதான் தோன்றும். சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காவிட்டாலும் அந்த மருந்தைத் தொடங்கிவிடுவதும் நடக்கும். அந்த மருந்து இதைத் தீர்க்காது. காலில் இருக்கும் புண்ணை ஒரு இடத்தில் காட்டி, நெஞ்சு இருமலை இன்னொரு இடத்தில் காட்டினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. அண்ணன் தன் புண்ணைக் காற்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இருமலுக்கு மட்டும் மருந்து கேட்டால் டாக்டர் என்ன செய்வார்?

அதனால் ஆஸ்பத்திரியில் மூன்று சொல் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம், எல்லாம் தெரிந்த மலாய்ச் சொற்கள்தான்: லுக்கா, லும்புர், கென்சிங் மானிஸ். காயம், சேறு, இனிப்பு நீர். இந்த மூன்றும் காய்ச்சலோடு சேர்ந்து டாக்டர் காதில் விழுந்தால் அவர் மனதில் மெலியோய்டோசிஸ் வந்துவிடும். பிறகு ரத்தம், சளி, சீழ், சிறுநீர், தொண்டைச் சுரண்டல் என்று எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஓர் இடத்தில் கிடைக்காதது இன்னோர் இடத்தில் கிடைக்கலாம். ஒரே ஒரு முறை சோதித்து இல்லை என்று வந்தால் நம்பிவிடவும் கூடாது. கிருமி இருந்தும் சோதனையில் முளைக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

ஆய்வகத்து வேலையும் ஒருவகைச் சமையல்தான். ஆஷ்டவுன் ஊடகம் என்று ஒன்று இருக்கிறது: கடல்பாசி ஜெல்லியில் ஊதாச் சாயமும் ஜென்டமைசின் மருந்தும் கலந்து ஊற்றிய தட்டு. ஜென்டமைசினுக்கு மற்றக் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும், இது அசையாது. சில நாளில் ஊதா நிறத்தில் வட்டவட்டமாக வளர்ந்து, ஆறிய பாலின் ஏடு சுருங்குவதுபோலச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்தே அனுபவசாலிகள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. சரவாக்கின் மத்தியப் பகுதியில் கிடைத்த கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டமைசினுக்கு அடங்கிவிடுகின்றன. அதே தட்டில் அவை முளைக்கவே முளைக்காது. ஒரு நாட்டுக்குள்ளேயே கைப்பக்குவம் மாறுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ். டி. புதுச்சேரி பல பத்தாண்டுகள் இந்தக் கிருமியோடு வேலை செய்தவர். ரத்தத்தில் பரவிய நிலையில் வந்த 50 மலேசிய நோயாளிகளைப் பற்றி அவரும் குழுவினரும் 1992இல் எழுதியது இந்த நாட்டு மருத்துவர்கள் இந்த நோயை நினைவில் வைக்க உதவிய வேலை.

இனி வைத்தியம். கிளினிக்கில் கொடுத்த ஐந்து நாள் மாத்திரை ஏன் கேட்கவில்லை? பென்சிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை வெட்டிப்போடும் நொதி இந்தக் கிருமியிடம் இருக்கிறது. வேறு பல மருந்துகளை, சமையலறைப் புகையை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறிபோல, உள்ளே வந்த வேகத்தில் வெளியேற்றும் பம்புகளும் இருக்கின்றன. பழக்கமான மருந்துகளில் பாதிக்கு மேல் இதனிடம் எடுபடாது. நீண்ட காலம் டாக்டர்களிடம் இருந்தது குளோரம்பெனிகால், டாக்சிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் என்று எல்லாவற்றையும் கலந்து கொடுக்கும் கஷாயம் மாதிரியான ஒரு முறை. தாய்லாந்தின் உபோன் ராச்சதானி மருத்துவமனையில் அந்தப் பழைய கலவையையும் செஃப்டாசிடிம் என்ற புதிய ஊசியையும் ஒப்பிட்டு 1989இல் வெளியிட்டார்கள். கடுமையாக நோய் முற்றியவர்களில் இறப்பு 74 விழுக்காட்டிலிருந்து 37ஆக, சரிபாதியாக இறங்கியது. இந்த நோயின் வைத்தியம் அன்றைக்குத்தான் மாறியது.

செஃப்டாசிடிம் என்ன செய்கிறது? கொழுக்கட்டை பிடிப்பவர்களுக்கு ஓரத்தை ஒட்டுவதுதான் உயிர் என்று தெரியும். ஓரம் சரியாக ஒட்டாத கொழுக்கட்டையை இட்லிச் சட்டியில் வைத்தால் வெந்துகொண்டிருக்கும்போதே வாய் பிளந்து பூரணம் வெளியே வழிந்துவிடும். கிருமியைச் சுற்றியும் ஒரு மேல்மாவு உண்டு, அதன் செல்சுவர். கிருமி வளர வளர அந்தச் சுவரைப் பிரித்துப் புது இழை சேர்த்து ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டும் வேலையைச் செய்யும் விரல்களை இந்த மருந்து பிடித்துக்கொள்கிறது. சுவர் ஒட்டாமல், உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி வெடிக்கிறது. மெரோபெனம் என்ற மருந்தும் இதே வழிதான். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டையும் வாயால் சாப்பிட முடியாது, ரத்தக்குழாயில்தான் ஏற்ற வேண்டும். ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம். நுரையீரலில் பரவலாக இருந்தால் நாலு வாரம் வரை, எலும்பில் இறங்கியிருந்தால் ஆறு வாரம், மூளையில் என்றால் எட்டு வாரம்.

இது அம்மாவின் முதல் கழுவல். நாரால் தேய்த்து வாளி வாளியாக ஊற்றுவது. மாவில் பெரும்பங்கு இதில் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் குடும்பம் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சரியான மருந்து ஏறத் தொடங்கிய பிறகும் காய்ச்சல் உடனே விடாது. நடுத்தரமாகக் கணக்கிட்டால் ஒன்பது நாள் ஆகிறது. கட்டி இருந்தால் இன்னும் அதிகம். ஐந்தாம் நாள் காய்ச்சல் 39இல் நிற்கும்போது, இங்கே மருந்து கேட்கவில்லை, வேறு இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று கட்டிலைச் சுற்றிப் பேச்சு எழும். அந்தப் பேச்சு எனக்குப் புரிகிறது, நம் ஆளைக் காப்பாற்றும் தவிப்பு அது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: “டாக்டர், உள்ளே எங்காவது சீழ்க்கட்டி இருக்கா? ஸ்கேன் எடுத்தாச்சா?” பூசணிக்காய் நடுவில் அழுகிவிட்டால் மேலே எத்தனை முறை கழுவினாலும் என்ன பயன்? வெட்டி அழுகலை எடுத்தாக வேண்டும். பெரிய கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் தோலிலோ தசையிலோ பெரிதாகச் சீழ் கோத்தால் கீறி வடிக்கிறார்கள். கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி எல்லாவற்றையும் ஸ்கேனில் பார்ப்பதும் இதற்காகவே.

இப்போது அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். இருமல் இல்லை, காலில் புதுத்தோல் பளபளக்கிறது, சாப்பாடு இறங்குகிறது. கையில் ஒரு பை மாத்திரை. இந்த இடத்தில்தான் நான் சொல்லவந்தது இருக்கிறது. புண் ஆறுவது வேறு, நோய் தீர்வது வேறு. கல் பளிச்சென்று இருக்கிறது, குழிகளில் மாவு இருக்கிறது. இரண்டாவது கழுவலை விட்டுவிட்டால் அல்லது பாதியில் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. திரும்பி வருவது காலில் அதே இடத்தில் சின்னப் புண்ணாக வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. நேரே நெஞ்சில் வரலாம், ரத்தத்தில் வரலாம்.

அந்த மாத்திரை கோட்ரைமாக்சசோல். பழைய மருந்து, விலை மலிவு. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள். அது வேலை செய்யும் விதம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. நமக்கும் கிருமிக்கும் ஃபோலேட் என்ற சத்து வேண்டும், புது அணு உருவாக அது இல்லாமல் முடியாது. நாம் அதைக் கீரையிலும் பருப்பிலும் சாப்பிட்டு எடுத்துக்கொள்கிறோம். கிருமிக்கு வெளியிலிருந்து வாங்கத் தெரியாது, தன் அடுப்பில் தானே சமைத்தாக வேண்டும். அந்தச் சமையலில் வரிசையாக இரண்டு கை: ஒருவர் தேங்காய் துருவிக்கொடுக்க, அடுத்தவர் பால் பிழிவது மாதிரி. மாத்திரையின் முதல் மருந்து, சல்ஃபா, பார்க்கத் தேங்காய் போலவே இருக்கும் போலித் தேங்காய். துருவுகிறவர் அதை எடுத்துத் துருவித் துருவிப் பார்க்கிறார், ஒன்றும் வருவதில்லை. அதையும் மீறிக் கொஞ்சம் துருவல் வந்துவிட்டால் இரண்டாம் மருந்து, டிரைமெத்தோபிரிம், பிழிகிறவரின் கையைக் கட்டிவைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் அடைத்தால் பால் இல்லை, குழம்பு இல்லை. நாம் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்பதால் நம் சாப்பாடு பெரும்பாலும் நிற்பதில்லை. இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. இது அணுக்களுக்குள்ளும் திசுக்களுக்குள்ளும் ஊடுருவிப் போகும். அரிசிமணிக்குள் இருக்கும் வண்டைத் தேடிப் போகக்கூடிய மருந்து.

ஆனால் ஒரே அடியில் கொல்லாது, பட்டினி போடும் மருந்து. அதனால்தான் குறைந்தது 12 வாரம். சில இடங்களில், சிலருக்கு, 20 வாரம். தாய்லாந்தில் 600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வு, இதனுடன் டாக்சிசைக்ளினைச் சேர்த்துக் கொடுப்பதில் கூடுதல் பயன் இல்லை, இது மட்டுமே போதும் என்று காட்டியது. முன்பு இரண்டு மூன்று வகை மாத்திரை விழுங்கி, வயிறு புரட்டி, பாதியில் விட்டவர்கள் ஏராளம். ஒன்றாகக் குறைந்தது பெரிய நிம்மதி.

அதற்காக இது சாதுவான மருந்தும் அல்ல. அளவு பெரியது. சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் தடிப்பு, வாயில் புண், தோல் உரிதல், கண் சிவத்தல் என்று எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரகம், ரத்தத்தில் பொட்டாசியம், ரத்த அணுக்கள் மூன்றையும் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு பிறப்பிலேயே உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; நம் நாட்டில் குழந்தை பிறந்ததுமே அதைச் சோதிப்பதால் பலருக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்கும். ஒத்துவராதவர்களுக்கு மாற்று மாத்திரை உண்டு. தாமாக நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லாமல் இருப்பதுதான் செய்யக் கூடாதது. சீனியையும் இந்த மூன்று மாதம் கட்டுக்குள் வைத்தாக வேண்டும், காவல்காரர்கள் விழித்திருந்தால்தான் மருந்தின் வேலை முடியும்.

இவ்வளவு செய்தால் பலன் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் 1989இல் தொடங்கி 30 ஆண்டுகள், 1,148 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். முதல் ஐந்தாண்டில் இறப்பு 31 விழுக்காடு. கடைசி ஐந்தாண்டில் 6. அங்கேயும் அதே கிருமி, அதே மழை, அதே இனிப்பு நீர். சீக்கிரம் சந்தேகப்பட்டார்கள், சீக்கிரம் சரியான ஊசியைத் தொடங்கினார்கள், தீவிர சிகிச்சைப் படுக்கை இருந்தது, மாத்திரையை முடிக்கவைத்தார்கள். அலோர்ஸ்டார் பதிவேட்டின் 34ஐயும் இந்த 6ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய அப்பா, மாமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

தடுப்பூசி இல்லை. மழைக்காலத்தில் பூட்ஸ், கையுறை. காயம் இருந்தால் தண்ணீர் புகாத கட்டு, முடிந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவுவது. வீட்டுக் கொல்லையில் கீரைப் பாத்தி கிளறும் பாட்டிகளுக்கும் இது பொருந்தும், வெறுங்காலோடு மண்ணைக் கிளறுவதை அவர்கள் வேலையாகவே நினைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைக் களிம்பால் மூடிவைக்காமல் சீழைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அண்ணன் அறுபது கிலோவுக்கு மேல் எடை உள்ளவர் என்றால், வழக்கமான அளவில் காலையில் நாலு, ராத்திரி நாலு சாதாரண மாத்திரைகள். 12 வாரத்துக்கு 84 நாள். மொத்தம் 672. ஏறக்குறைய நாற்பதாவது நாளில் அவருக்கு அலுத்துவிடும், எனக்கு ஒன்றுமில்லையே என்பார். நம் பக்கத்தில் வாசலில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி “பசியாறிட்டீங்களா?” என்பதுதான். அந்த 84 நாளும் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். நாட்காட்டித் தாளைக் கிழிப்பதற்கு முன்னால், அன்றைக்குரிய எட்டும் உள்ளே போயிற்றா என்று டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிற ஒருவர்.